அம்மா சொன்னதை நான் எழுதவில்லை

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். வீட்டிலிருந்து கடிதம் வந்தால் இரவுச் சாப்பாட்டு மேசையில் அங்குள்ள ஃபாதருக்கு ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொல்லிக் காட்டுவேன் என்று எழுதியிருந்தீர்களே, இதை அப்படிச் சொல்ல வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். வாசித்து முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். நீங்கள் நைஜீரியாவுக்குப் போன இந்த மூன்று வருடத்தில் உங்களுக்கு வந்த எல்லாக் கடிதத்திலும் ‘அன்புள்ள மகனுக்கு’ என்றுதான் மேலே இருக்கும். அம்மா சொல்வார், நான் எழுதுவேன். இது அம்மா சொல்லாத கடிதம். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபர் மாதம் என்பதால் மாதா சுரூபம் இரவுக்கு ஒரு வீடாகப் போகிறது. இன்றைக்குத் தோட்டத்துக் கடைசி லய வரிசையில் மேரியக்கா வீட்டில் செபமாலை. அம்மா அங்கே போயிருக்கிறார். நான் வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவர் போனதும் எழுந்து குப்பி விளக்கை அடுப்படிக்குக் கொண்டுவந்து எழுதுகிறேன். அம்மா உங்கள் கடைசிக் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். செபமாலை முடிந்ததும் உபதேசியார் அதைச் சனங்கள் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டுமாம், மகன் கிறிஸ்மஸுக்கு வருகிறான் என்று எல்லோரும் கேட்க வேண்டுமாம். அண்ணா, அந்தக் கடிதத்தில் நீங்கள் வருவதாக எழுதவில்லை. வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு அது தெரியாது. நான்தான் மாற்றி வாசித்தேன். அதற்கும் முன்னால் அதைவிடப் பெரிய பாவம் ஒன்றைச் செய்துவிட்டேன். ஓகஸ்ட் மாதம் நீங்கள், ‘இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடவா, இல்லை திரும்பி வரவா, அம்மா சொல்கிறபடி செய்கிறேன்’ என்று கேட்டீர்கள். அம்மா வரச் சொன்னார். நான் அங்கேயே இருக்கச் சொல்லி எழுதினேன்.

எழுதிவிட்டேன். இனி எல்லாவற்றையும் சொல்லலாம். செபமாலையின் ஐந்து பத்தில் முதல் பத்து மணிதான் முடிந்திருக்கிறது, பாட்டுச் சத்தம் கேட்கிறது. நேரம் இருக்கிறது.

நம் வீட்டில் கடிதம் எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. பூசைக்குப் போய்வந்து ரொட்டி சுட்டுத் தின்ற பிறகு, அம்மா காலை நீட்டி உட்கார்ந்து வெந்நீர்த் துணியால் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொல்வார். “எழுதுடி பாப்பா. எல்லாரும் சொகமா இருக்கோம்னு எழுது.” கால் வலியைப் பற்றி எழுதவா என்று கேட்டால், “அத எதுக்கு எழுதுற? அங்கேருந்து அவன் என்னா எண்ணெயா தேச்சு விடப் போறான்?” என்பார். நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். “நான் ரெண்டு வார்த்த சொன்னா நீ நாலு வரி எழுதுற. என்னாத்தடி அப்புடி எழுதுற?” “வாத்தியாருக்கு எழுதுறோம்மா. அழகா எழுத வேணாமா?” என்பேன். அதில் அவருக்குப் பெருமை. முதலில் அப்படித்தான் ஆரம்பித்தது. அம்மா மழை என்பார், நான் இடைவிடாத பெருமழை என்று எழுதுவேன். பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது என்பார், அதற்கு நான் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துவிடுவேன். முழங்கால் வலியை மறைத்தது அம்மா, பெருமழையைச் சேர்த்தது நான். யாருக்கும் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. அதனால்தான் கை பழகிவிட்டது என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதங்களை வாசிப்பதும் நான்தானே. செம்மண் ரோட்டின் முடிவில் இருக்கிற மிஷன் ஸ்கூலும், ஒரு வகுப்பில் அறுபது பேரும், உங்களைவிட உயரமாக மீசை வைத்த மாணவர்களும், பாலைவனத்துப் புழுதிக் காற்று வீசும் மாதங்களில் கறும்பலகையே தெரியாமல் போவதும் அம்மாவுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மத்தளம் அடித்துப் பாடும்போது தரை அதிரும் என்று எழுதியதைக் கேட்டு, “நம்ம கோயில்ல தகரத்துல மழ விழுந்தா சாமியார் பேசுறதே கேக்காது, அங்க தரையே ஆடுதாமே” என்று லயம் முழுக்கச் சொன்னார். வகுப்பில் நீங்கள் ‘டீ’ என்று எழுதியதும், ஒரு பையன் எழுந்து, “சேர், இது உங்கள் ஊரில் இருந்துதானே வருகிறது? உங்கள் அம்மா பறித்ததா?” என்று கேட்டான், நீங்கள் ஆமாம் என்றீர்கள். அதை வாசித்த அன்று அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “ஆமான்னே சொல்லிட்டானா? எல்லார் முன்னாலயும்?” என்று மூன்று தடவை கேட்டார். பிறகு, “எத்தன மலை ஏறிப் பறிச்சதுன்னும் சேத்துச் சொல்லியிருக்கலாம்” என்றார்.

ஓகஸ்ட் கடிதத்தையும் ஒன்றும் விடாமல் அப்படியேதான் வாசித்தேன். பக்கத்து வீட்டில் இருந்த கேரளத்துக் கணக்கு வாத்தியார் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டார். ஃபாதர் ஊரில் இல்லாததால் அடக்க செபத்தை நீங்களே வாசித்தீர்கள். தமிழிலா இங்கிலீஷிலா எதில் வாசிப்பது என்று தெரியாமல் குழிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றீர்கள். ‘அன்றிலிருந்து இரவில் தூக்கம் இல்லை, கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன், லீவு நாட்களில் அந்தப் பெரிய ஸ்கூல் வளவில் நான் ஒருவன்தான், மலேரியா இரண்டு தடவை வந்துவிட்டது, மூன்றாவது தடவை வந்தால் எனக்கு யார் செபம் வாசிப்பது’ என்று எழுதியிருந்தீர்கள். ‘எனக்குப் பயமாக இருக்கிறது என்று இந்த வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது’ என்ற வரியை இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். தேயிலைப் பெட்டிப் பலகையில் அச்சடித்திருந்த எழுத்துகளில் என் விரலை வைத்து வைத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். இருட்டில் பைப்படிக்குப் போக நான் பயந்தால் சிரிப்பீர்கள். உங்களுக்கும் பயம் வரும் என்று எனக்குத் தெரியாது.

அம்மா ஒத்தடத் துணியைக் கீழே வைத்துவிட்டார். அழவில்லை. பிறகு, “எழுது” என்றார். நீங்கள் வந்துவிட வேண்டும் என்றார். வந்தால் நீங்கள் அனுப்பும் பணம் நிற்கும், உடனே வேலை கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். டிக்கோயாவில் இருந்த வாத்தியார் வேலையை ராஜினாமா செய்துவிட்டுத்தானே போனீர்கள். டிக்கோயா ஆஸ்பத்திரி டொக்டர் இனி மலை ஏறக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. அதை உங்களுக்கு எழுத விடவில்லை. லயத்தில் நாம் குடியிருக்கும் இந்தக் காம்பரா வேண்டுமானால் அந்த வீட்டில் ஒரு பேராவது தோட்டத்து வேலையில் பதிந்திருக்க வேண்டும். உங்கள் பணம் வந்தால் வெளியே ஒரு வாடகை அறைக்காவது போகலாம், அது இல்லாமல் அம்மா நின்றால் வேறு பேர் வேண்டும். அந்தப் பேர் என் பேர். அதையும் அம்மா என்னையே எழுதச் சொன்னார். என் படிப்பு நிற்கப் போகிறது என்பதை நானே, என் கையாலேயே, ஸ்கூல் பேனாவால் எழுத வேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அண்ணா, தேயிலைக்குப் போவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. அம்மா பறித்த தேயிலையில்தான் நாம் இரண்டு பேரும் வளர்ந்தோம். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. போன வருடம் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா பேர் பதிந்தாள். நான் ஸ்கூலுக்கு இறங்கும் நேரத்தில் அவள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்களோடு வரிசையில் நிற்பாள். என்னைக் கண்டதும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்துகொள்வாள். நான் கடந்து போகும் வரைக்கும் நிமிர மாட்டாள். ஆங்கிலத்தில் அவள்தான் முதலாவதாக வருவாள், நான் இரண்டாவது. அம்மா சொல்லச் சொல்ல எனக்கு அவளுடைய குனிந்த தலைதான் தெரிந்தது. கை தானாக வேறு எழுதியது. ‘மகனே, ஆண்டவர் உன்னை அங்கே ஒரு காரியத்துக்காக வைத்திருக்கிறார். தைரியமாயிரு. இப்போது வர வேண்டாம். இன்னும் மூன்று வருடம் இரு. நாங்கள் எல்லோரும் சுகம்.’ கை தானாக எழுதியது என்று சொல்வதும் பொய். நான்தான் எழுதினேன். யோசித்துத்தான் எழுதினேன். ஆண்டவர் பேரைப் போட்டால் நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் போட்டேன். “என்னா எழுதிட்டியா? வாசி” என்றார் அம்மா. அவர் சொன்னதையே திருப்பி வாசித்துக் காட்டினேன். தாளில் அது இல்லை.

இரண்டாவது பத்து மணி முடிந்துவிட்டது. சீக்கிரம் எழுத வேண்டும்.

போன வாரம் உங்கள் பதில் வந்தது. எப்போதும் ஆறு பக்கம் எழுதுகிறவர் இந்த முறை அரைப் பக்கம்கூட எழுதவில்லை. ‘அம்மா சொன்னபடியே இருக்கிறேன். ஒக்டோபர் கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன். அம்மாவுக்கு இது சரியென்றால் எனக்கும் சரி. எனக்காகச் செபியுங்கள்.’ அவ்வளவுதான். வகுப்பைப் பற்றி ஒன்றுமில்லை, பையன்களைப் பற்றி ஒன்றுமில்லை. அம்மா மலையிலிருந்து வந்து கொழுந்துச் சாக்கைக்கூட உதறாமல் என் முன்னால் உட்கார்ந்து, “வர்றானா? என்னைக்கு வர்றான்?” என்று கேட்டார். அந்த முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வேன்? கிறிஸ்மஸுக்கு வருகிறாராம் என்று வாசித்தேன். அம்மா அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி உள்ளே எங்கேயாவது உங்கள் பேர் இருக்கிறதா என்று விரலால் தேடினார். கடைசியில் இருக்கும் கையெழுத்தைக் காட்டினேன். அதை முத்தமிட்டுவிட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் கல்யாண வீடுபோல இருக்கிறது. முழங்கால் வலியோடு காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தார். நீங்கள் ரயிலில் வருவீர்களாம், றொசல்லை ஸ்டேஷனில் நிற்காத ரயில் என்றால் ஹட்டனுக்கே எல்லோரும் போய் நிற்க வேண்டுமாம். நேற்றுத் தோட்டத்தில் பேர் பதிகிற கணக்கப்பிள்ளை லயத்துப் பக்கம் வந்தபோது அம்மாவே கூப்பிட்டுச் சொன்னார், “ஐயா, மகன் வர்றான். பாப்பா பேர தை மாசத்துல பதிஞ்சுக்கங்க. டிசம்பர்ல பரீச்ச மட்டும் எழுதிக்கட்டும்.” கணக்கப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்து, “கைநாட்டு எடுக்க மை தேட வேணாம், புள்ள கையெழுத்தே போட்டுரும். என்ன வாத்தியார் தங்கச்சி, இங்கிலீசுல போடுவியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பிறகு இரவில் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து என் பள்ளிக்கூடத்து வெள்ளைக் கவுனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். எதற்குப் பயந்து பொய் எழுதினேனோ அது நடக்கத்தான் போகிறது. நீங்கள் மட்டும் வரப் போவதில்லை. அங்கே தனியாக, அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் மூன்று வருடம் இருக்கப் போகிறீர்கள்.

தந்தி கொடுக்கலாம் என்று முந்தாநாள் ஹட்டன் தபால் கந்தோர் வரைக்கும் போனேன். அங்கே இருக்கிற ஐயா, “யாரு, நைஜீரியா வாத்தியார் தங்கச்சியா? அண்ணன் வர்றாராமே!” என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்டார். வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்திரை வாங்க வந்தேன் என்று சொல்லி வந்துவிட்டேன். இதை நாளைக் காலை ஸ்டேஷன் தபால் பெட்டியில் போடுவேன். போன தடவை பதினாறு நாளில் வந்ததாக எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குள் வந்துவிடும். இதை வாசித்த பிறகு யாராவது தாளை முன்னால் நீட்டினால், வீட்டில் கேட்க வேண்டும் என்று சொல்லித் தள்ளிப் போடுங்கள். நீங்கள் மறுத்துப் பேசத் தெரியாதவர். அப்பா இறந்தபோது எட்டாம் நாள் செலவுக்கு யார் என்ன கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டினீர்கள். இந்த ஒரு தடவை ஆட்டாதீர்கள். தங்கை சொல்வதைக் கேட்க வேண்டுமா என்று நினைக்காதீர்கள். நான் சொல்லவில்லை, அம்மாதான் சொல்கிறார்.

உபதேசியார் வாசித்த பிறகு இங்கே என்ன நடக்கும் என்று தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் அம்மா எப்படி நிற்பார்? ‘அம்மா சொன்னபடியே இருக்கிறேன்’ என்ற வரி காதில் விழுந்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிடும். என்னை அடிப்பார், அதற்கு நான் பயப்படவில்லை. ஒன்றும் பேசாமல் இருந்துவிடுவார் என்றுதான் பயம். அப்பா போன பிறகு ஒரு மாதம் இருந்தாரே, அப்படி. வந்துவிடு என்ற அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லி எழுதச் சொல்வாரா, எழுதினாலும் இனி யாருடைய கையை நம்புவார்? அதனால் அன்றைக்கு அவர் சொன்னதை எனக்கு ஞாபகம் இருக்கும்போதே எழுதுகிறேன். பெருமழை எதுவும் சேர்க்கவில்லை. அவர் பேசியபடியே இருக்கிறது. மூன்றாவது பத்து மணிப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. இதுதான் அம்மாவின் கடிதம்.

“எழுதுடி. ராசா, நீ வந்துரு. யோசிக்காத, வந்துரு. பேப்பர்ல வேலைக்கு ஆள் கேட்டு வந்தப்ப நீ போக மாட்டேன்னுதான் சொன்ன. நான்தான் போ போன்னு தொரத்துனேன். கொழுந்து எடுக்குறவ மகன் ஏரோப்ளேன்ல போறான்னு நாலு பேரு சொல்லிக் கேக்கணும்னு எனக்கு ஆச. மாதாவுக்கு நேந்துக்கிட்டேன், ஒன்னய கேக்காமயே. ஸ்டேசன்ல நீ என் கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல, நான்தான் விரல் விரலா எடுத்துவிட்டேன். அது என் தப்பு சாமி. பயமா இருக்குன்னு எழுதுறதுக்கு ஒனக்கு என்னா வெக்கம்? எனக்குந்தான் பயம், ஒவ்வொரு நாளும் மலை ஏறும்போது பயம், நான் ஒன்ட்ட சொல்லல, அவ்ளோதான். வேல இல்லாட்டிப் போவுது. கஞ்சியோ ரொட்டியோ, இருக்கிறதப் பிச்சுக்குவோம். காம்பரா போயிருமேன்னு நெனைக்காத. இவ பேரு பதிஞ்சுக்கிட்டா காம்பரா நிக்கும். இவ படிப்பு போவுதேன்னு எனக்கு நெஞ்சு எரியாம இல்ல. இவளுக்கு நான் செய்யிறது பாவந்தான். ஆனா இவ என் கண்ணு முன்னால இருப்பா, அழுதா தொடச்சு விடுவேன். ஒன்னய நான் எங்க போய்த் தேடுவேன்? எந்தக் குழிக்குப் பக்கத்துல நின்னு யார்கிட்டப் பேசுவேன்? எனக்கு அந்தப் பாஷகூடத் தெரியாதே. வந்துரு ராசா.”

இவ்வளவுதான் சொன்னார். சொல்லி முடித்து, “கண்ணத் தொடச்சுக்கிட்டு எழுதுடி, தாள் நனையுது” என்றார். நான் உங்களுக்காக அழுகிறேன் என்று நினைத்தார்.

அண்ணா, நீங்கள் வாருங்கள். தை மாதத்தில் என் பேரைப் பதியட்டும். அதைச் சொல்லத் தைரியம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் வரவில்லை, இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் வந்து ஏதாவது வழி பார்ப்பீர்கள் என்று மனதில் ஒரு மூலையில் நினைக்கிறேன், அதையும் மறைக்க விரும்பவில்லை. வழி இல்லாவிட்டாலும் வாருங்கள். நான் பெரட்டுக் களத்தில் நிற்கிறபோது நீங்கள் அந்தப் பக்கமாக வந்தால் குனிய மாட்டேன் என்று

பாட்டு பாதியில் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு பத்து மணி இருக்கிறதே, உபதேசியார் கடிதத்தை முன்னாலேயே வாசித்துவிட்டாரோ? யாரோ லயத்து வாசல் வழியாக வேகமாக வருகிற சத்தம். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். அம்மாதான். கதவைத் தட்டுகிறார், என் பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் தட்டிக்கொண்டே